லைன் வந்துவிட்டது

"எதுக்குத் தம்பி இம்புட்டு அவசரம்? இறங்கி டீயைக் குடி," என்றார் கிளார்க் கிருபாபாய்.

ஜாய்சன் ஏணியை விட்டு இறங்கவில்லை. துறைமுகத்தை ஒட்டிய மீன் ஏற்றுமதிக் கம்பெனியின் கிளை அது. போன வாரம் இங்குள்ள ஐஸ் இயந்திரத்தில் சிக்கித்தான் அவன் தம்பி ரோச் இறந்தான். குடித்துவிட்டு விழுந்தான் என்றது கம்பெனி. மாதா கோயில் திருவிழாவில்கூடக் குடிக்காதவன் ரோச். கேமராப் பதிவைப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும்.

"அந்த வீடியோ ஃபோல்டரை சென்னைக்காரங்கதான் திறக்க முடியும். நெட் லைனை வேற எலி கடிச்சிப் போட்டிருக்கு. லைன் வரட்டும், கேட்டு வாங்கித் தாரேன்," என்றிருந்தார் மேனேஜர் பாண்டியராஜ். கேபிள் வேலைதான் ஜாய்சனுக்குத் தொழில். கருவிகளோடு தானே வந்துவிட்டான்.

"லைன் இல்லாமலே ஃபைலெல்லாம் தெரியுதே, எப்படி தம்பி?" கிருபாபாய் விடவில்லை.

யாராவது கேட்டால் சொல்லாமல் இருக்க அவனுக்கு வராது.

"சென்னையில உள்ளதுக்கெல்லாம் இந்தக் கம்ப்யூட்டர் பெட்டியில ஒரு நகல் இருக்குக்கா. லைன் போனா நகல்ல வேலை ஓடும். வந்ததும் ரெண்டும் ஒத்துப் பார்த்துக்கிடும். இங்கன எழுதினது அங்கன போயிரும். அங்கன எழுதினாலும் அழிச்சாலும் இங்கனயும் அப்படியே ஆயிரும்."

"லைன் வராட்டா?"

"நகல் பாட்டுக்கு அப்படியே இருக்கும்."

"அப்ப நாளைக்குப் பாத்துக்கிடலாமே, தம்பி."

ஜாய்சனுக்குச் சுருக்கென்றது. "செத்தது உங்க தம்பின்னா நாளைக்குன்னு சொல்லுவியளாக்கா? வாங்குத சம்பளத்துக்குப் பேசுதிய."

கிருபாபாய் டீ கிளாஸை ஏணிக்குக் கீழே வைத்தார்.

"நீங்க ஏன் அவனைத் தொந்தரவு பண்ணுதிய?" கண்ணாடி அறையிலிருந்து பாண்டியராஜ் வந்தார். "கெட்டிக்காரன். முடிக்கட்டும்."

அறுந்த முனை பிசிறில்லாமல் இருந்தது. எலி கடித்தால் இப்படி இருக்காதே என்று ஒரு கணம் தோன்றியது. யோசிக்க நேரமில்லை. ஒட்டினான். பெட்டியில் பச்சை விளக்கு எரிந்தது.

பாண்டியராஜ் சென்னைக்குப் போன் போட்டார். கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தார்.

"ஃபோல்டர் காலியா இருக்காம், தம்பி. கேமரா அன்னைக்கு ஓடலை போல."

ஜாய்சன் ஏணியிலிருந்து இறங்கினான். மேனேஜர் அறைக்கதவு சாத்தியதும் கிருபாபாய் அருகில் வந்தார். ஆறிப்போன டீயை எடுக்கிற சாக்கில் குனிந்தார்.

"வீடியோவை அழிக்கச் சொல்லிக் காலையில இவரு சென்னைக்குப் பேசினாரு தம்பி. இங்கன உள்ள நகலும் அழிஞ்சிரக் கூடாதுன்னுதான் நானே வயரை அறுத்தேன்."