ஆறாம் எண் கேமரா

“இது கேமராவா, மாவு மில்லா?” என்றார் லோவெல் ப்ரெக்கே.

தேவாலயத்தின் கீழ்த்தளமே சிரித்தது. முன்வரிசையில் இருந்த டுவேன் மடியில் காப்பியைச் சிந்திக்கொண்டு சிரித்தார்.

திரையில் தெரிந்தது ஆறாம் எண் கேமரா எடுத்த படம். படம் என்றால் வெறும் வெள்ளை. இடது மேல் மூலையில் மட்டும் கரும்புள்ளிகள்.

ஏரியில் பனிக்கட்டி உடையும் சமயத்தில், வருடா வருடம், இந்தக் கீழ்த்தளத்தில் கூடும் ஊர்ப் புகைப்படக் கழகத்தில் தூசிப் பரிசோதனை நடக்கும். அவரவர் கேமராவை மேசையில் வைத்துவிட வேண்டும்; சோதித்துச் சொல்வது லோவெல். பெயர் கிடையாது, ஒட்டிய தாளில் எண் மட்டும். யாருடைய அழுக்கு என்று தெரிந்து யார் மனமும் நோகக் கூடாதாம்.

இந்த மினசோட்டா மாநிலத்து நாசூக்கு லோவெலுக்குக் குமட்டும். அழுக்கை வைத்துக்கொண்டு அலைகிறவனுக்கு மனம் வேறு வேண்டிக் கிடக்கிறதா?

பரிசோதனை எளிது. முதலில் லென்ஸின் துளையை முடிந்த மட்டும் சுருக்க வேண்டும். துளை அகலமாக இருந்தால் ஒளி பல பக்கமிருந்தும் வந்து தூசியின் நிழலைக் கரைத்துவிடும். சுருங்கினால் நிழல் கூர்மையாக விழும். பிறகு ஃபோகஸைத் தவறவிட்டு, வெள்ளைச் சுவரைப் பார்த்து இரண்டு விநாடி ஷட்டரைத் திறக்க வேண்டும். திறந்திருக்கும்போதே கேமராவை மெல்ல ஆட்ட வேண்டும்.

ஆட்டுவதில்தான் சூட்சுமம். சுவரில் இருக்கும் கறை இழுபட்டுக் காணாமல் போகும். கேமராவுக்குள் படத்தைப் பதியும் சென்சாரில் உட்கார்ந்திருக்கும் தூசி கேமராவோடு சேர்ந்தே ஆடும். அதனால் படத்தில் அசையாமல் பதியும்.

“சுவத்தை எடுத்தாலும் சரி, உங்க மாமியாரை எடுத்தாலும் சரி, தூசி அதே எடத்துலதான் உக்காந்திருக்கும்,” என்றார் லோவெல். “ரெண்டு கேமராவுல ஒரே மாதிரி விழவே விழாது. கைரேகை மாதிரி.”

டுவேன் தலையாட்டினார். போன வருடமும் இதற்கே ஆட்டிய தலை.

லோவெல் லேசர் பேனாவின் சிவப்புப் புள்ளியால் கறைகளைச் சுற்றிக் காட்டினார். சென்சாரில் காட்சி தலைகீழாக விழுகிறது. ஆகவே படத்தில் மேலே தெரியும் தூசி உண்மையில் கீழே இருக்கிறது. இதுகூடத் தெரியாமல் தப்பான மூலையைத் தேய்த்துக்கொண்டிருப்பவர்கள் இந்த அறையில் பத்துப் பேராவது இருப்பார்கள்.

இவர்கள்தான் இன்னும் கால் மணி நேரத்தில் அவருக்கு ஓட்டுப் போடப்போகிறார்கள்.

மாவட்டக் காலண்டரின் அட்டைக்கு எந்தப் படம் என்று கழகம் இன்று முடிவு செய்கிறது. பதினோரு வருடமாக லோவெலுக்குக் கைக்கெட்டாத அட்டை. இந்த முறை போட்டியே இல்லை. திரைக்கு வலப்பக்கம் அவருடைய படம் பெரிதாகச் சட்டம் போட்டுத் தொங்கிக்கொண்டிருந்தது: விடியற்காலை ஏரி, மூடுபனி, ஒற்றைப் படகுத்துறை, மேலே பனிக்குள் மங்கலாக மூன்று காட்டு வாத்துகள். இரண்டு ஒட்டிப் பறக்க, மூன்றாவது கொஞ்சம் பின்தங்கி.

அந்த வாத்துகளைப் பற்றித்தான் ஊரே பேசியது. மூன்றாவது வந்து சேரட்டும் என்று, விரல் மரத்துப்போக நாற்பது நிமிடம் காத்திருந்த கதையை இன்று காலையில் மட்டும் நான்கு பேரிடம் சொல்லியாகிவிட்டது.

“சரி, யாரோடது இந்த ஆறாம் நம்பர்? வெக்கப்படாம கையத் தூக்குங்க.”

அப்படிக் கேட்பது கழகத்தில் வழக்கமில்லை. எல்லோரும் தரையைப் பார்த்தார்கள்.

பின்வரிசையில் ஒரு கை எழுந்தது. ஆர்டிஸ் மாக்கி. பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள். காற்றடிக்கும்போது படகுத்துறையில் நின்றுகொண்டு லென்ஸ் மாற்றி, தூசியை உள்ளே விடுகிற ரகம்.

“வேற யாரா இருக்க முடியும்!” என்றார் லோவெல். “கடைசியா எப்ப சுத்தம் பண்ணீங்க, அம்மணி? உங்க கல்யாணத்தப்பவா?”

மறுபடி சிரிப்பு.

“அக்டோபர்ல,” என்றாள் ஆர்டிஸ். “நீங்கதானே பண்ணிக் குடுத்தீங்க, லோவெல். மெமரி கார்டு கெட்டுப்போச்சு, எல்லாத்தையும் அழிக்க வேண்டியதாப் போச்சுன்னு சொன்னீங்களே, அப்ப.”

சிரிப்பு பாதியில் நின்றது.

அன்று அவர் சென்சாரைத் தொடக்கூட இல்லை. இவளுக்கு என்ன தெரியப்போகிறது என்று மூன்று நாள் அலமாரியில் போட்டுவைத்து, அப்படியே திருப்பிக் கொடுத்தார். திறந்தது கார்டு இருக்கும் சின்னக் கதவை மட்டும்தான்.

“ஒரு உதவி பண்ணுங்க,” என்றாள் ஆர்டிஸ். குரல் உயரவில்லை. “அந்தச் செவப்புப் புள்ளியை அப்படியே உங்க படத்துக்குக் கொண்டுபோங்களேன்.”

லோவெல் பேனாவை அணைத்துச் சட்டைப்பையில் செருகினார்.

டுவேன்தான் எழுந்தார். ஈரமான பேன்ட்டோடு, கையில் கோப்பையோடு, திரைக்கும் படத்துக்கும் நடுவில் போய் நின்றார். திரையின் வெளிச்சம் சட்டத்தின் மேல் விழுந்துகொண்டிருந்தது. அதன் இடது மேல் மூலையைப் பார்த்தார். திரையைப் பார்த்தார். விரலை நீட்டினார்.

“ஒண்ணு,” என்றார். “ரெண்டு…”

ஏரியும் இல்லாமல், பனியும் இல்லாமல், வெறும் வெள்ளையில், மூன்றாவது கொஞ்சம் பின்தங்கிப் பறந்துகொண்டிருந்தது.