செவலையின் கழுத்தில் ஒரு கட்டி

"இன்னொரு தடவை அமுக்கிப் பாருங்க டாக்டரம்மா. கல்லு மாதிரி இருக்கு" என்றான் இருளாண்டி.

கால்நடை மருத்துவர் சுபா, செவலையின் கழுத்தில் மறுபடி கையை வைத்தார். நெல்லிக்காய் அளவில் ஒரு கட்டி. புது ஆளைக் கண்டாலே கொம்பைத் தாழ்த்துகிற ஜல்லிக்கட்டுக் காளை, இன்றைக்கு ஆட்டுக்குட்டியாக நின்றது. மூக்கணாங்கயிற்றைப் பிடித்திருந்தவள் மணிமேகலை. அவள் பேச்சுக்கு மட்டும் அது அடங்கும்.

"இது கோமாரி ஊசி போட்ட எடத்துல வர்ற கட்டிண்ணே. மருந்தை எண்ணெயில கலந்துதான் போடுறோம். எண்ணெய் அதை ஒரேயடியா விட்டுராது. அங்கேயே பிடிச்சு வெச்சுக்கிட்டுக் கொஞ்சங் கொஞ்சமா ஒடம்புக்குள்ள விடும். கட்டி தானாக் கரைஞ்சிரும்."

மணிமேகலையின் புருஷன் இருளாண்டிக்கு இருப்புக் கொள்ளவில்லை. வாசலுக்குப் போனான், வந்தான், துண்டை உதறித் தோளில் போட்டான். போன வருஷம் திருவரங்குளத்தில் மச்சான் வீட்டுப் பசுவுக்கும் இப்படி ஒரு கட்டியில்தான் ஆரம்பித்தது. மாட்டம்மை. வாரம் திரும்புவதற்குள் புதைத்துவிட்டு வந்தார்கள்.

"மாட்டம்மையா இருந்தா?"

"அம்மைன்னா ஒடம்பெல்லாம் கட்டி வரும், காய்ச்சல் அடிக்கும். இது நல்லாத் திங்கிது."

"பொங்கலுக்கு வாடிவாசல்ல விடணும்ங்க. பிள்ளை மாதிரி வளர்த்தது."

"தாராளமா விடுங்க. ஊசிக் கட்டிதான்."

"ஊசியா இருக்காதுங்க."

"எப்படிச் சொல்றீங்க?"

இருளாண்டி துண்டை எடுத்து மறுதோளுக்கு மாற்றினான்.

"டாக்டரம்மா சொன்னா கேளுங்களேன்" என்றாள் மணிமேகலை. அவளுக்கென்ன தெரியும் என்று அவனுக்கு எரிச்சலாக வந்தது.

சுபா பையை மூடிக்கொண்டு ஸ்கூட்டியை நோக்கி நடந்தார். அவரும் போய்விட்டால் ஊசிக் கட்டி, ஊசிக் கட்டி என்றே இருந்து காளையைப் பறிகொடுக்க வேண்டியதுதான். மானம் போனால் போகட்டும் என்று இருளாண்டி குறுக்கே போய் நின்றான்.

"செவலைக்கு ஊசியே போடலைங்க. போட்டா வேகம் கொறஞ்சிரும்னு டீக்கடையில சொன்னாங்க. ஊசி கேம்ப் அன்னிக்குத் தைலமரக் காட்டுக்குள்ள ஒளிச்சுக் கட்டிட்டு, காளை ஊர்லயே இல்லைன்னு உங்ககிட்டப் பொய் சொன்னேன், நீங்க மறந்துட்டீங்க போல. இப்ப இது என்ன கட்டின்னு பாருங்க."

அவன் கண் கலங்கிவிட்டது. சுபா கோபப்படவில்லை. சிரிப்பை அடக்கிக்கொண்டு மணிமேகலையைப் பார்த்தார்.

மணிமேகலை செவலையின் கழுத்தைத் தடவிக்கொண்டே சொன்னாள்: "நீங்க அதை அங்கிட்டுக் கட்டிட்டு டீக்கடைக்குப் போனீங்கள்ல, அந்த நேரத்துலதான் டாக்டரம்மாவைக் காட்டுக்குள்ள கூட்டிட்டுப் போனேன். அவங்க ஊசி போடுற வரைக்கும் கொம்பைப் பிடிச்சிருந்தது நாந்தான்."