மாதா தலையில் பன்னிரண்டு பல்புகள்

மாதாவின் தலையைச் சுற்றிப் பன்னிரண்டு பல்புகள் எரிவதைப் பார்த்த பிறகுதான், மலைமேல் காணாமல் போன சோலார் பேனல் எங்கே இருக்கிறது என்று எலாடியோவுக்கு விளங்கியது.

கோயிலை விட்டு வெளியே வந்து கூரையை அண்ணாந்து பார்த்தான். தகரத்தின்மேல் கிடந்தது. அவன் கையால் சிவப்புப் பெயிண்டில் எழுதிய எண்கூட அப்படியே இருந்தது.

திருடினவனுக்கு அதை அழிக்கத் தோன்றவில்லை. மாதாவுக்குத்தானே.

எரிமலையின் நடுக்கத்தைப் பிடித்து எலாடியோ வேலை பார்க்கும் நகரத்து அலுவலகத்துக்கு அனுப்புகிற பெட்டி, மேலே சரிவில் புதைந்து கிடக்கிறது. அதற்குச் சோறு போடுவது அந்தப் பேனல். இன்று விடிந்ததும் எலாடியோ முதுகில் ஒரு பேட்டரியைச் சுமந்துகொண்டு ஏறி, செத்துக் கிடந்த பெட்டிக்கு உயிர் கொடுத்தான்.

மடிக்கணினியைத் திறந்தான். கோடுகள் கன்னங்கரேலென்று தடித்து வந்தன.

மலை இப்படிக் கிறுக்கி அவன் ஒரே ஒரு தரம்தான் பார்த்திருக்கிறான். அன்றைக்கு மூன்று மணி நேரம் கழித்து, மணல் ஓடையில் வேலை செய்துகொண்டிருந்த பதினான்கு பேர் வெந்து போனார்கள்.

ஊரைக் காலி செய்யும் உத்தரவு மணிலாவிலிருந்து வர சாயங்காலமாகும். அவன் ஓட்டமும் நடையுமாக இறங்கி வரவே ஒன்றரை மணி நேரம் தின்றுவிட்டது.

ஊரோ விருந்தில் இருந்தது. மலை அடங்கியதற்கு நன்றி விருந்து.

மூங்கிலில் கோத்த பன்றி தணலின்மேல் சுற்றிக்கொண்டிருந்தது. கோயிலுக்குள் பெண்கள் ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்தார்கள். மண்டியிட்டு மண்டியிட்டு இவர்கள் முழங்கால் தேய்ந்ததே தவிர மலை ஒரு சாண் தேயவில்லை என்று எலாடியோ டீக்கடையில் அடிக்கடி சொல்வான். சொல்கிறவன் கழுத்திலும் ஒரு மாதா தொங்குவாள். பெண்டாட்டி கட்டிவிட்டது.

கோயில் சாவி பிரிமித்திவாவிடம் இருந்தது. விருந்தும் அவள் தலைமையில்தான். அவளிடம் போய்க் கோடுகளைக் காட்டினான்.

"என்ன தம்பி இது, கோழி கெளறுன மாதிரி இருக்கு?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

"அக்கா, மலை வெடிக்கப் போகுது. எல்லாரையும் லாரியில ஏத்துங்க. இப்பவே."

"அடப் போடா. மாதா தலையில வெளக்கு எரிஞ்ச அன்னைக்கே அது வாய மூடிடுச்சு. பதினோரு நாளா அசைவே இல்லன்னு உங்க ரேடியோவே சொல்லுது."

"மூடுனது மலையோட வாய் இல்லக்கா, எங்க காது! அந்தப் பேனலக் கழட்டிட்டு வந்துட்டீங்க. பொட்டி செத்துப் போச்சு."

மணல் லாரி ஓட்டும் சொத்தேரோ பன்றித்தோலை மென்றுகொண்டே வந்தான். கழட்டினவன் அவன்தான். அதில் அவனுக்குப் பெருமை வேறு.

"மண்ணுக்குள்ள கெடக்குற பொட்டிக்கு எதுக்குடா கரெண்டு? உக்காந்து பாடம் படிக்கப் போகுதா? சாப்பிட்டுட்டுப் போ, அதிமேதாவி."

எலாடியோ கெஞ்சினான். கெட்ட வார்த்தையில் திட்டினான். பதினான்கு பேரின் பெயரையும் வரிசையாகச் சொன்னான். யாரோ அவன் கையில் ஒரு தட்டைத் திணித்தார்கள்.

கடிகாரத்தைப் பார்த்தான். தட்டைக் கீழே வைத்தான்.

கோயிலின் பின்புறம், சுவரோரமாக, சொத்தேரோவின் பழைய லாரி பேட்டரி இருந்தது. அதிலிருந்து ஒரு ஒயர் ஜன்னல் வழியாக மாதாவிடம் போயிற்று. எலாடியோ பைக்குள்ளிருந்து ஒயர் வெட்டும் குறட்டை எடுத்தான்.

உள்ளே ஜெபமாலை பாதியில் அறுந்தது.

"மாதா போயிட்டா!" என்று ஒருத்தி அலறினாள்.

பிரிமித்திவா வெளியே ஓடி வந்து அவன் சட்டையைப் பிடித்தாள். அவள் முகத்தில் ரத்தமே இல்லை. அறிவியல் படித்த எலாடியோவின் வாயிலிருந்து கூச்சமில்லாமல் வந்தது:

"ஆமாக்கா. நம்மளையும் கூட வரச் சொல்றா."

இருபது நிமிஷம்கூட ஆகவில்லை. மூன்று லாரிகளில் மணலை அங்கேயே கொட்டிவிட்டு ஊரை ஏற்றினார்கள். குழந்தை, கோழி, சட்டி, நோயாளி எல்லாம் ஏறியாயிற்று. பன்றி மட்டும் தனியாகக் கருகிக்கொண்டிருந்தது.

இவ்வளவு கோடும் கணக்கும் செய்யாததை ஒரு குறடு செய்துவிட்டது. எலாடியோவுக்குக் காறித் துப்ப வேண்டும் போலிருந்தது. இந்த ஜனங்களுக்குப் போய்ப் படித்தோமே.

லாரி ஆற்றுப் பாலத்தைத் தாண்டும்போது பின்னால் மலை பிளந்தது. சத்தம் நெஞ்சுக்குள் இறங்கியது. கோயில் இருந்த பக்கத்தைச் சாம்பல் மேகம் மூடிக்கொண்டு வந்தது.

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள், அழுதார்கள். போர்வையில் சுற்றிய மாதாவை மடியில் வைத்திருந்த பிரிமித்திவா மட்டும் திரும்பவில்லை. எலாடியோவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நாங்க மடச் சனங்க. சரி, ஒத்துக்கிறேன்" என்றாள். "பொட்டி செத்துக் கெடந்துச்சுன்னா, மலை அசையலன்னு தெனமும் ரேடியோவுக்குச் சொன்னது யாருப்பா?"

எலாடியோ சாலையைப் பார்த்தான்.

பெட்டி ஊமையான முதல் நாள், அதைப் பதிவேட்டில் எழுதினால் அவனே ஏறிப் போய்ப் பார்க்க வேண்டும். நாலு மணி நேர ஏற்றம். மழை வேறு கொட்டிக்கொண்டிருந்தது. தினசரி அறிக்கையில் நடுக்கம் என்ற கட்டத்தில் ஒரு பூஜ்யம் போட்டு அனுப்பினான். நாளைக்கு மேலதிகாரி பெட்டியைப் பார்க்க வருகிறார் என்று நேற்று தகவல் வராமலிருந்தால், இன்றும் ஒன்று போட்டிருப்பான்.

முதல் பூஜ்யத்துக்காவது மழை இருந்தது. மற்ற பத்தையும் நல்ல வெயிலில் உட்கார்ந்து போட்டான்.