லிண்டல்னா என்னப்பா?

“அப்பா, பிளிந்த்னு சொல்றாங்களே, அப்படின்னா என்ன?”

செங்கல் அடுக்கின் மேல் உட்கார்ந்து கிருஷ்ணப்பிரியா போனில் இப்படிக் கேட்டதும், நாலடி தள்ளி நின்ற மேஸ்திரி அமல்ராஜுக்குச் சுருக்கென்றது. வீட்டைக் கட்டுகிறவன் குத்துக்கல்லாட்டம் இங்கே நிற்கிறான். அவனை விட்டுவிட்டு அப்பாவைக் கூப்பிட்டுக் கேட்டால் என்ன அர்த்தம்?

ஸ்பீக்கரில் ஒரு கரகரத்த குரல் எரிந்து விழுந்தது. “இதுகூட தெரியாமலா ஊடு கட்ட வந்துட்ட? தெரு மட்டத்துலேர்ந்து உன் ஊட்டுத் தரை எவ்ளோ ஒசரத்துல கீதோ, அதான் பிளிந்த். முத்தாபுதுப்பேட்டையில மழைத் தண்ணி எதுவரிக்கும் ஏறும்னு அக்கம்பக்கத்துல விசாரி. அதுக்கு மேல ரெண்டடி தூக்கு.”

அவ்வளவுதான், போனை வைத்துவிட்டார்.

சாயங்காலம் அவள் கணவன் நிர்மல் ஆபீசிலிருந்து வந்து பைக்கை நிறுத்தியதுமே அமல்ராஜ் பிடித்துக்கொண்டான். தன் மேல் நம்பிக்கை இல்லையென்றால் நேராகச் சொல்லிவிட வேண்டும், வானகரத்தில் தனக்கு வேறு வேலை காத்திருக்கிறது என்று ஒரு பொய்யையும் சேர்த்துச் சொன்னான்.

நிர்மல் அவனுக்கு டீ வாங்கிக் கொடுத்து விஷயத்தைச் சொன்னான். போனில் பேசியது பிரியாவின் அப்பா பாஸ்கரன். அம்பத்தூரில் நாற்பது வருஷமாக மேஸ்திரி. வீட்டில் சொல்லாமல் அவள் நிர்மலைக் கட்டிக்கொண்ட நாளிலிருந்து, நாலு வருஷமாகப் பேச்சே இல்லை. எத்தனை தடவை கூப்பிட்டாலும் எடுக்கமாட்டார். கடைசியில், ‘அஸ்திவாரத்துக்குக் கடகால் எத்தனை அடி தோண்டணும்ப்பா?’ என்று ஒரு மெசேஜ் போட்டாள். அஞ்சாவது நிமிஷம் அவரே கூப்பிட்டுத் திட்டினார். இப்போதும் கட்டட விஷயம் மட்டும்தான். ‘சாப்டியாப்பா?’ என்று கேட்டால் கட் பண்ணிவிடுவார்.

“வீடு முடியறதுக்குள்ள அவர் ஒரே ஒரு தடவை இந்த வாசல்ல வந்து நின்னா போதும்ணே. அதுக்குத்தான் பிரியா இந்தப் பாடு படறா,” என்றான் நிர்மல்.

அமல்ராஜுக்கும் ரெண்டு பெண் குழந்தைகள். மனசு கேட்குமா? மறுநாளிலிருந்து அவனே கேள்வி எடுத்துக் கொடுக்க ஆரம்பித்துவிட்டான்.

ஜன்னல் மட்டம் வந்தபோது சில் என்றால் என்னவென்று கேட்கச் சொன்னான். ஜன்னல் உட்காருகிற அடிமட்டம்தான் சில், வயசானவர்கள் நாற்காலியில் உட்கார்ந்தபடியே தெருவைப் பார்க்க வேண்டும், ரெண்டரை அடிக்கு மேல் ஏற்றாதே என்று உத்தரவு வந்தது.

“எங்க வீட்ல வயசானவங்க யாருப்பா இருக்காங்க?” என்று அவள் கேட்டதும் டொக்கென்று கட்.

லிண்டலுக்கு மட்டும் பத்து நிமிஷம் பேசினார். “ஜன்னலுக்கும் கதவுக்கும் மேல கீற செவுத்தை யாரு தூக்கினு நிப்பா? வெறும் மரச்சட்டமா நிக்கும்? அதுக்குத்தான் அதுங்க தலைக்கு மேல கம்பி வச்சு ஒரு கான்கிரீட் பட்டை போடறது. அதான் லிண்டலு.”

அமல்ராஜே அசந்துபோனான். கூடவே அந்தப் பெண்ணை நினைத்துப் பாவமாகவும் இருந்தது. மேஸ்திரி மகளாகப் பிறந்துவிட்டு ஒரு எழவும் தெரியவில்லையே. ஒரே ஒரு தடவை, தளத்துக்குக் கட்டி வைத்த கம்பியைப் பார்த்த மாத்திரத்தில், அந்தக் கோடியில் ஒன்று குறைகிறது என்றாள். எண்ணினால் நிஜமாகவே குறைந்தது. ஏதோ குருட்டாம்போக்கில் சொல்லிவிட்டாள் என்று நினைத்துக்கொண்டான்.

தளமும் போட்டாயிற்று. மனுஷர் வருகிற வழியைக் காணோம். மூன்றாம் நாள் காலையில் கிருஷ்ணப்பிரியா புதுச் சுவரில் சாய்ந்து அழுதேவிட்டாள். இனிமேல் கேட்க என்ன இருக்கிறது, அப்பா வரவே மாட்டார் என்றாள்.

அமல்ராஜ் தாடையைச் சொறிந்தான். பிறகு எந்த மேஸ்திரியும் வாயால் சொல்லக் கூசுகிற ஒன்றைச் சொன்னான்.

“தளத்தைத் தாங்கினு கீற முட்டுக் கட்டையெல்லாம் இன்னிக்கே பிரிக்கப் போறாரு எங்க மேஸ்திரினு சொல்லு தங்கச்சி. எம் பேரு கெட்டா கெட்டுட்டுப் போவுது.”

ஈரம் காயாத தளத்தை மூணாம் நாளே அம்போவென்று விட்டால், அது அப்படியே தலையில் இறங்கும். கேட்டவுடன் எந்த மேஸ்திரியும் தடுக்க ஓடி வருவான். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு போன் போட்டாள். சொல்லி முடிப்பதற்குள் மறுமுனையில் கட்.

அமல்ராஜ் தன் கன்னத்தில் ஓர் அறையாவது விழும் என்று எதிர்பார்த்துக்கொண்டே இருந்தான். பழைய மொபெட் வந்து நின்றபோது பகல் ஒரு மணி. ஓட்டி வந்தவர் பாஸ்கரன். பின்னால் அவர் மனைவி பொன்னியம்மா, மடியில் ஒரு பெரிய தூக்குச்சட்டியோடு உட்கார்ந்திருந்தாள்.

பாஸ்கரன் யாரையும் பார்க்கவில்லை. பிளிந்த் உயரத்தைக் காலால் அளந்தார். ஜன்னலின் அடிமட்டத்தைத் தடவினார். அண்ணாந்து லிண்டலைப் பார்த்தார். அப்புறம்தான் மகளிடம் வந்து, “இன்னா இப்டி எளைச்சிட்ட?” என்றார். அவள் அவர் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். பொன்னியம்மா தூக்குச்சட்டியைக் கீழே வைத்துவிட்டு அழ ஆரம்பித்தாள். அமல்ராஜுக்கும் கண் கலங்கிவிட்டது.

ஆனாலும் தொழில் மானம் என்று ஒன்று இருக்கிறதே. தயங்கித் தயங்கிப் பாஸ்கரனிடம் போனான்.

“பெரியவரே, முட்டு பிரிக்கிறேன்னது சும்மா. உங்கள வரவைக்க நான்தான் சொல்லச் சொன்னேன். பாவம், தங்கச்சிக்கு கட்டட வேலை ஒண்ணும் தெரியாது.”

பாஸ்கரன் மகளைப் பார்த்தார். நாலு வருஷத்துச் சிரிப்பும் மொத்தமாக வந்தது.

“யாருக்கு நைனா தெரியாது? நான் கல்லும் மண்ணும் சுமந்து படிக்க வச்ச சிவில் இன்ஜினியரு அவ. பார்த்தாலே தெரியுது, இந்த ஊட்டுக்கு பிளான் போட்டதே அவதான்.”