சமையலறையில் ஆடிய பூதம்

இருபது வருஷத்துக்கு முன்னால் விமர்சகர் கிழித்துத் தோரணம் கட்டிய படம் அது. இன்று இளவட்டங்கள் அதைத் தலையில் வைத்துக் கொண்டாடவே, மறுபடி பார்த்து எழுதச் சொல்லியிருந்தது பத்திரிகை.

வேற்றுக்கிரகப் பூதம் சமையலறைக்குள் புகுந்து, தலையைச் சுவரில் மோதி, கைகாலை உதறி ஆடியபோது அரங்கமே சிரித்து உருண்டது. விமர்சகருக்கும் சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. பக்கத்து இருக்கைப் பெண்மணியும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

படம் முடிந்ததும் விமர்சகர் அவரிடம், "என்னா நடிப்பும்மா! அன்னிக்கு இதைப் போய்த் திட்டி எழுதிட்டேனே!" என்றார்.

"தெரியும் சார், படிச்சேன். பூதமா நடிச்சது என் வீட்டுக்காரர்."

"அட! அவரைப் பார்க்கணுமே. எங்க இருக்கார்?"

"அந்தக் காட்சியோட போயிட்டார். முகமூடிக்குள்ள மூச்சு முட்டி, கழட்டச் சொல்லித்தான் அப்படி அடிச்சுக்கிட்டார். நடிப்புன்னு நினைச்சு எல்லாரும் கை தட்டினாங்க. அதையே படத்துலயும் வச்சுட்டாங்க."

விமர்சகர் கையிலிருந்த குறிப்பேட்டை மூடினார்.

"'இந்த இடத்தில் எனக்குச் சிரிப்பு வரவில்லை, யாரோ உதவிக்குக் கூப்பிடுவது போலிருக்கிறது'ன்னு நீங்க ஒருத்தர்தான் சார் எழுதினீங்க. இத்தனை வருஷமா அதுதான் எனக்கு ஆறுதல்."

பெண்மணி பையை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"இன்னிக்கு நீங்களும் சிரிச்சிட்டீங்க."