உப்பில் செய்த பனிமனிதன்

கிறிஸ்துமஸ் குடில் போட்டிக்கு எல்லாத் தெருப் பிள்ளைகளும் பஞ்சில் பனிமனிதன் செய்தார்கள். உப்பளத் தெருப் பிள்ளைகள் உப்பில் செய்தார்கள். அது லீமாவின் யோசனை. மூட்டை மூட்டையாகக் கொட்டி, தண்ணீர் தெளித்து இறுக்கி, மாதா கோயில் வாசலில் குடிலுக்குப் பக்கத்தில் அவள் உயரத்துக்கே நிறுத்தினார்கள். கண்ணுக்குப் புளியங்கொட்டை வைத்தார்கள்.

"ஏட்டி, உருகிரும்," என்றான் கிளாட்வின்.

"வெயில்ல உருக இது என்ன ஐஸாலே?"

வெயில் அதை ஒன்றும் செய்யவில்லை. சாப்பிட்டுவிட்டு அவர்கள் திரும்பியபோது, தெருவில் மேய்கிற ஒரு பசு பனிமனிதனின் வயிற்றைக் கண்மூடி நக்கிக்கொண்டிருந்தது. வயிற்றில் ஆழமாகக் குழி விழுந்திருந்தது. மதிப்பெண் போடப் பங்குச்சாமி வெள்ளை அங்கியில் வந்துகொண்டிருந்தார். கிளாட்வின் கல்லெடுத்தான். லீமா அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"பரிசு போச்சுட்டி."

"நக்கி முடிக்கட்டும்லே."

பசு தலையைத் தூக்கி மூச்சு விட்டது. குழி உள்ளங்கைபோல் வளைந்து, வழுவழுப்பாக, ஈரத்தில் மின்னியது. லீமா குடிலுக்குள் கைவிட்டு, வைக்கோலில் கிடந்த பாலன் இயேசுவை எடுத்து அந்தக் குழிக்குள் கிடத்தினாள். அளவெடுத்ததுபோல் பொருந்தியது.

பங்குச்சாமி குனிந்து பார்த்தார். உப்பளத்தில் நின்று வெடித்த இந்தத் தெருக்காரர்களின் பாதங்களை அவர் அறிவார்.

"உப்பு அரிக்குமேம்மா, பிள்ளைக்கு."

லீமா பசுவின் கழுத்தைத் தடவினாள்.

"அதுக்குத்தான் சாமி, மாடு நிக்குது."