நீளக் கயிறு

கள்ளக்குறிச்சியில், பாறை ஏறப் பழகும் ஏறுசுவர்க் கூடத்தில் மாலை வெயில் உயரத்து ஜன்னல் வழியாக இறங்கி, பாயில் கிடக்கும் இரண்டு புதுக் கயிறுகளைத் தொடுகிறது. தடித்த பச்சைக் கயிறு இந்தச் சுவருக்கு மட்டும் எட்டும். ஆரஞ்சுக் கயிறு கல்வராயன் மலைப் பாறைக்கும் எட்டும். ஒன்றைத்தான் வைத்துக்கொள்ள முடியும்; மற்றது கடைக்குத் திரும்பிவிடும். கீழே நின்று கயிறு பிடிப்பவரே தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது இந்தக் குழுவின் வழக்கம். பிடிப்பவள் கோகிலவாணி. பாறையில் முதலில் ஏறும் வாய்ப்பு தனக்கு வரும் என்று காத்திருந்தாள்; அது குழுவில் இளையவளான தனுஷாவுக்குப் போய்விட்டது. தனுஷா இடுப்பில் போடும் முடிச்சைக்கூட இவள்தான் சொல்லிக்கொடுத்தாள். "இன்னாக்கா, மாப்ள பாக்குற மாதிரி கயித்தப் பாத்துக்கினு இருக்க?" என்று தனுஷா சிரிக்கிறாள். "சும்மா இருடி. மேல போறவளுக்குச் சிரிப்பு ஜாஸ்தி." சொல்லிக்கொண்டே கோகிலவாணி பச்சையை இழுத்துப் பார்க்கிறாள். கைக்கு அடக்கமாக இருக்கிறது. இதுவே போதும் என்று சொன்னால் யாரும் ஏன் என்று கேட்கமாட்டார்கள்; தனுஷாவுக்கு இந்த வருடம் மலை கிடையாது. தனுஷாவின் விரல்களில் தோல் உரிந்த இடமெல்லாம் பிளாஸ்திரி. அவள் ஆரஞ்சுக் கயிற்றின் நுனியை மட்டும் பெருவிரலால் தடவிக்கொண்டிருக்கிறாள். "முருகா" என்று கோகிலவாணி மூச்சு விடுகிறாள். பொறாமை போகவில்லை. பச்சையைச் சுருட்டித் திருப்பி அனுப்பும் பையில் வைக்கிறாள். "நீளமானதே இருக்கட்டும்டி. நான் புடிச்சிக்கினு இருப்பேன், பயப்படாம ஏறு."